நாலில் மட்டும் ஓடும் புளோவர்: டேஷ்போர்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே தோட்டத்து வீட்டிலிருந்து தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வரும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. அவருடைய பழைய பெரோடுவா மைவி காடியில் ஏர்கோன் விசிறி 1, 2, 3-இல் ஓடுவதில்லை. 4-இல் வைத்தால் மட்டும் முழு வேகத்தில் அடிக்கிறது, குளிரும் வருகிறது. சில மாதங்களுக்கு முன் இதே கோளாறுக்கு ரெசிஸ்டர் (விசிறியின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் சின்னச் சாமான்) மாற்றினார். இப்போது மறுபடியும் அதே கதை. இந்தத் தடவை பட்டறையில் “டேஷ்போர்டைக் கழற்றி கூலிங் காயில் மாற்றணும், கேஸும் புதுசா போடணும், ஆயிரம் வெள்ளிக்கு மேலே ஆகும்” என்கிறார்களாம். மாற்றலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி. நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கும், காற்றைக் குளிரவைக்கும் அந்தக் கூலிங் காயிலுக்கும் சம்பந்தம் இல்லை. காயில் ஓட்டையானால் கேஸ் இறங்கும், குளிர் குறையும். அதனால் விசிறியின் வேகம் போகாது. 4-இல் காற்று நன்றாக வந்து குளிராகவும் இருக்கிறதென்றால் கேஸ், கம்ப்ரசர், காயில் மூன்றும் தங்கள் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. போயிருப்பது திரும்பவும் ரெசிஸ்டர்தான். ஆனால் போட்டுச் சில மாதமே ஆன ரெசிஸ்டர் போகிறதென்றால் எதுவோ அதை எரிக்கிறது. அது எதுவென்று பார்க்காமல் இன்னொன்று வாங்கி மாட்டினால் அதுவும் எரியும்.

விஷயத்துக்குள் போவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், பட்டறையில் பேசும்போது இந்த இடத்தில்தான் குழப்பம் வரும். ஏர்கோனோடு சம்பந்தப்பட்ட விசிறி காடியில் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று முன்னால் ரேடியேட்டர் பக்கம், கண்டென்சருக்குக் காற்று இழுப்பது. அது நின்றால் காடி ஓடும்போது குளிரும், சிவப்பு விளக்கில் நின்றால் குளிர் போய்விடும், உள்ளே வரும் காற்றின் அளவு மட்டும் மாறாது. இன்னொன்று டேஷ்போர்டுக்குள் இருக்கும் புளோவர். நாம் திருகி வேகம் வைப்பது இதற்குத்தான். போமனிடம் (மெக்கானிக்கிடம்) வெறுமனே “ஏர்கோன் ஃபேன் ஓடலை” என்று சொல்லாதீர்கள். “உள்ளே காற்று வரலை” என்று சொல்லுங்கள்.

புளோவர் என்பது 12 வோல்ட்டில் ஓடும் ஒரு சாதாரண மோட்டார், அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் கூண்டுச் சக்கரம். கரண்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாக மோட்டாருக்கு வருகிறது. பல ஜப்பானிய வகைக் காடிகளில் மோட்டாரைத் தாண்டிய பிறகுதான் ரெசிஸ்டர், அதற்கப்புறம் நாம் திருகும் சுவிட்ச், கடைசியில் பாடி எர்த், அதாவது காடியின் இரும்பு உடம்பு. 1-இல் வைத்தால் ரெசிஸ்டரின் எல்லாச் சுருளும் வழியில் நிற்கும், மோட்டாருக்குக் குறைந்த வோல்ட்தான் கிடைக்கும், மெதுவாகச் சுற்றும். 2, 3 என்று போகப்போகச் சுருள்கள் ஒவ்வொன்றாக விலகும். 4-இல் ரெசிஸ்டரே வழியில் கிடையாது, கரண்ட் நேராகப் போகிறது. அதனால்தான் ரெசிஸ்டர் எரிந்த காடியில் 4 மட்டும் உயிரோடு இருக்கிறது. அதிலேயே இன்னொரு நல்ல செய்தியும் உண்டு: 4 ஓடுகிறதென்றால் ஃபியூஸ், மோட்டாருக்கு வரும் கரண்ட், எர்த் மூன்றும் சரி. தேட வேண்டிய இடம் சுருங்கிவிட்டது.

ரெசிஸ்டரின் வேலை கரண்டில் ஒரு பகுதியைச் சூடாக மாற்றி வீணடிப்பது. கோளாறு இல்லாமல் ஓடும்போதே அது சூடாகும் சாமான். அதனால்தான் அதைப் புளோவரின் காற்றுப் பாதைக்குள்ளேயே, காற்று படுகிற மாதிரி பொருத்தியிருக்கிறார்கள். அளவுக்கு மேல் சூடானால் அறுந்துகொள்ள அதிலேயே ஒரு வெப்ப ஃபியூஸும் பெரும்பாலும் இருக்கும். அந்த ஃபியூஸ் அறுந்தால் 1, 2, 3 மூன்றும் ஒரே நேரத்தில் போகும். உங்களுக்கு நடந்திருப்பது அநேகமாக அதுதான். ஒரே ஒரு வேகம் மட்டும் போயிருந்தால் சுருள் ஒன்று அறுந்திருக்கும், இல்லையென்றால் சுவிட்ச்சின் ஒரு காண்டாக்ட் தேய்ந்திருக்கும்.

அப்படியானால் ரெசிஸ்டர் ஏன் அளவுக்கு மேல் சூடாகிறது? நான் பார்த்தவரை மூன்று காரணம். அதில் முதல் சந்தேகம் எப்போதும் மோட்டார் மேல்தான்.

மோட்டாரின் புஷ் (அச்சைத் தாங்கும் வளையம்) காய்ந்துபோனாலோ துருப்பிடித்தாலோ அது லேசாக இறுகும். சுற்றுவது நிற்காது, வெளியே பார்க்க நன்றாகத்தான் ஓடும். ஆனால் அதே வேகத்துக்கு அதிக கரண்ட் இழுக்கும். ரெசிஸ்டரில் பிறக்கும் சூடு கரண்டின் வர்க்கத்தில், அதாவது கரண்டை அதே கரண்டால் பெருக்கும் கணக்கில் ஏறும். 4 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 6 ஆம்பியர் ஓடினால் கரண்ட் ஒன்றரை மடங்கு, சூடோ இரண்டேகால் மடங்கு. தோட்டத்துச் செம்மண் ரோட்டில் தினமும் போய்வருகிற காடிக்கு இது சீக்கிரமே வரும். அந்த நைசான தூசி புஷ்ஷில் இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து களிம்பாகிவிடும்.

இரண்டாவது, காற்றுத் தடை. “ஃபில்டர் அடைத்தால் மோட்டார் கஷ்டப்பட்டு அதிக கரண்ட் இழுக்கும்” என்று பட்டறைகளில் சொல்வார்கள். இந்த வகைக் கூண்டுச் சக்கரத்துக்கு அது நேர்மாறு. தள்ளுவதற்குக் காற்று குறைந்தால் சக்கரத்தின் சுமையும் குறையும், கரண்டும் கொஞ்சம் இறங்கும். கெடுதல் வேறு இடத்தில் வருகிறது. ரெசிஸ்டர் மேல் பட வேண்டிய காற்று படாமல் போகிறது. மோட்டாரையே குளிரவைக்க ஒரு சின்னக் குழாய் வழியாகப் போகும் காற்றும் குறைகிறது. 1-இலேயே வைத்து மணிக்கணக்காக ஓட்டுபவர்களின் ரெசிஸ்டர் சீக்கிரம் போவதும் இதனால்தான். அங்கே எல்லாச் சுருளும் வழியில் நிற்கிறது, காற்றோ குறைவு.

மூன்றாவது, ரெசிஸ்டரில் சொருகும் சாக்கெட். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. பழைய ரெசிஸ்டர் எரிந்தபோது சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளைப் பல்லும் சூட்டில் தளர்ந்திருக்கும், பிளாஸ்டிக் பழுப்பு நிறமாகியிருக்கும். புது ரெசிஸ்டரைப் பழைய தளர்ந்த சாக்கெட்டில் சொருகினால் பிடிப்பு இல்லாத இடத்தில் சூடு பிறந்து மறுபடியும் எரியும். அங்கே கருகிய அடையாளம் தெரிந்தால் சாக்கெட்டை அதன் வால் வயரோடு சேர்த்து மாற்ற வேண்டும். வயரை முறுக்கி டேப் சுற்றினால் போதாது. நல்ல வயர்மேன் அதை கிரிம்ப் செய்தோ (உலோகக் குழலில் வைத்து நசுக்கியோ) ஈயம் வைத்தோ கொடுப்பார்.

இனி நீங்களே பார்க்கக்கூடியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிவிட்டு உட்கார்ந்தால் போதும், டேஷ்போர்டைத் தொட வேண்டியதில்லை. சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் விடுங்கள். இடது பக்கப் பயணிக்கும் ஏர்பேக் இருக்கும் காடி என்றால் இது கட்டாயம். மஞ்சள் உறை போட்ட வயர், மஞ்சள் சாக்கெட் எதைப் பார்த்தாலும் கை வைக்காதீர்கள், மீட்டரும் வைக்காதீர்கள், அது ஏர்பேக் சமாச்சாரம். அப்புறம் இடது பக்கச் சாமான் பெட்டியைக் கழற்றி, பின்னாலும் கீழேயும் எட்டிப் பாருங்கள். உருண்டையான மோட்டார் தெரியும். அதன் பக்கத்துக் கூட்டில் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும் சின்னத் தட்டுதான் ரெசிஸ்டர்.

ரெசிஸ்டரைக் கழற்றி மீட்டரை ஓம்மில் வைத்துப் பின்களுக்கு இடையே பாருங்கள். எல்லாமே சில ஓம், அதற்கும் கீழே என்று சின்ன அளவாகத்தான் காட்டும். ஏதாவது ஒரு பின் எதோடும் சேராமல் முழுத் திறப்பாக (இணைப்பே இல்லை என்று) காட்டினால் அங்கே அறுந்திருக்கிறது. சுருளில் பஞ்சு மாதிரி தூசி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அதுவே சாட்சி.

அடுத்தது மோட்டார். அடியிலிருந்து பெரும்பாலும் மூன்று ஸ்க்ரூவில் நிற்கும். கழற்றி வெளியே எடுத்து சக்கரத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். நல்ல மோட்டார் சத்தமில்லாமல் சில சுற்றுப் போய் மெதுவாக நிற்கும். உள்ளே காந்தம் இருப்பதால் கையில் லேசாகப் படிப்படியாகத் தெரியும், அது கோளாறு இல்லை. சுண்டியவுடன் நின்றாலோ, கரகரத்தாலோ, சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடினாலோ உங்கள் ரெசிஸ்டரைக் கொன்ற ஆள் அகப்பட்டுவிட்டான். சக்கரத்தின் இதழ்களில் சின்ன உலோகக் கிளிப் ஏதாவது மாட்டியிருந்தால் பிடுங்காதீர்கள், அது எடைச் சமநிலைக்காக வைத்தது.

சந்தேகம் தீரவில்லை என்றால் கரண்டை அளக்க வேண்டும். இதற்குச் சாதாரண மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையை நம்பாதீர்கள், முழு வேகத்தில் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். டிசி (பேட்டரி கரண்ட்) அளக்கும் கிளாம்ப் மீட்டர், அதாவது வயரைச் சுற்றிக் கவ்வி அளக்கும் மீட்டர் வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பல கிளாம்ப் மீட்டர்கள் வீட்டுக் கரண்டை மட்டும்தான் அளக்கும், பார்த்து வாங்குங்கள். சின்னக் காடிகளின் புளோவர் முழு வேகத்தில் பொதுவாக 10-லிருந்து 20 ஆம்பியருக்குள் இழுக்கும். அதைவிட நல்ல அளவுகோல் பக்கத்து வீட்டில் நிற்கும் இன்னொரு மைவி. இரண்டையும் ஒரே வேகத்தில் வைத்து அளந்தால் உங்களுடையது எவ்வளவு அதிகம் என்று தெரிந்துவிடும். நம் ஊரில் மைவிக்கா பஞ்சம்!

மோட்டார் இறுகியிருந்தால் அதற்கு எண்ணெய் விட்டு மறுபடியும் மாட்டுபவர்கள் உண்டு. சில மாதம் ஓடும். எண்ணெய் உள்ளே கார்பன் பிரஷ் (சுற்றும் பாகத்துக்குக் கரண்டைக் கடத்தும் கரித்துண்டு) மேல் போனால் அதையும் கெடுக்கும். ரெசிஸ்டர் ஏற்கெனவே இரண்டு தடவை போயிருக்கும் உங்கள் காடிக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். மோட்டாரும் ரெசிஸ்டரும் சேர்த்து மாற்றுங்கள். புதுசு விலை அதிகமாகத் தெரிந்தால் ஹாஃப்கட் கடையில் (வெட்டிக் கொண்டுவரும் பழைய காடிகளின் சாமான் விற்கும் கடை) கேட்டுப் பாருங்கள். 2005-இல் வந்த முதல் மைவி டைஹட்சு பூன், டொயோட்டா பாசோ இரண்டுக்கும் உடன்பிறப்பு என்பதால் ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான் பொருந்த வாய்ப்பு உண்டு. பழைய மோட்டாரைக் கையிலேயே எடுத்துப் போய் ஸ்க்ரூ துளை, சக்கரத்தின் உயரம், சாக்கெட் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கடைக்காரரின் பேட்டரியில் அதைச் சுற்றவைத்துக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

சாக்கெட் பொருந்தாமல் வயரை வெட்டி ஒட்டினால் ஒரு விஷயம். இரண்டு வயரும் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். காற்று நின்றுவிடாது, குறைவாக வரும், அதுதான் வம்பு. மோட்டார் ஓடும் சத்தம் நன்றாகக் கேட்கும், காற்று மட்டும் சோம்பலாக வரும், உடனே யாராவது “காயில் அடைப்பு” என்று ஆரம்பிப்பார்கள்.

உங்கள் கேள்வி 4-இல் ஓடும் காடியைப் பற்றியது. எதிலுமே ஓடாத காடி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் ஃபியூஸ். போயிருந்தால் அதே அளவு போடுங்கள். 30 ஆம்பியர் இருந்த இடத்தில் 40 போடுவது, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிவைப்பது எல்லாம் டேஷ்போர்டுக்குள் தீ வைக்கிற வேலை. ஃபியூஸ் சரியென்றால் சாவியைப் போட்டு, வேகத்தை 4-இல் வைத்து, மோட்டாரின் அடியில் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் சுற்ற ஆரம்பித்தால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, மோட்டாரை மாற்றும் நேரம். தட்டியும் அசையவில்லையா? மோட்டார் சாக்கெட்டில் டெஸ்ட் விளக்கு வைத்துப் பாருங்கள். விளக்கை நேராகப் பாடியில் எர்த் செய்து பார்த்தால் எரிகிறது, சாக்கெட்டின் இரண்டு வயருக்கும் நடுவே வைத்தால் எரியவில்லை என்றால் கோளாறு மோட்டாருக்கு அந்தப் பக்கம், சுவிட்ச்சிலோ எர்த்திலோ. இரண்டு வயருக்கு நடுவே எரிந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் மோட்டார் செத்துவிட்டது. பல காடிகளில் புளோவர் ஓடாவிட்டால் கம்ப்ரசரும் ஏறாது. அதைப் பார்த்துவிட்டு “கேஸ் இல்லை” என்று ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

எண்கள் திரையில் வரும் தானியங்கி ஏர்கோன் என்றால் அங்கே இந்தச் சுருள் ரெசிஸ்டர் இருக்காது, டிரான்சிஸ்டர் வைத்த மாட்யூல் இருக்கும். அது கெட்டால் முழு வேகத்தில் மட்டும் ஓடும், இல்லையென்றால் ஓடவே ஓடாது, சிலதில் சாவியை எடுத்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்து பேட்டரியைக் காலி செய்யும். அதில் வயரைத் தொட்டு விளையாட வேண்டாம், தெரிந்தவரிடம் விடுங்கள்.

காற்று முதலில் நன்றாக வந்து, அரைமணி நேரம் ஓட்டிய பிறகு குறைந்து குறைந்து நின்றுபோகிறதென்றால் அது வேறு நோய். கூலிங் காயில் மேல் ஐஸ் கட்டுகிறது. ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு விசிறியை ஓடவிடுங்கள். பத்து நிமிடத்தில் காற்று திரும்பி, காடிக்கு அடியில் தண்ணீர் நிறையச் சொட்டினால் அதுதான். காயிலின் சூட்டைப் பார்க்கும் சென்சார், கேஸ் குறைவு, ஃபில்டர் அடைப்பு என்று பார்க்க வேண்டும். அந்தக் கேள்வி வந்தால் தனியாக எழுதுகிறேன்.

தோட்டப் பக்கம் காடி வைத்திருப்பவர்களுக்கு எலித் தொல்லை இல்லாமல் இருக்காது. செம்பனைக்கு நடுவே எலியைப் பிடிக்க ஆந்தைக் கூடு வைக்கிறார்கள், ஆனால் ஆந்தை காடிக்குள் வந்து பிடிக்காதே. எலி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுத் துளை வழியாக இறங்கி, ஃபில்டரைக் கிழித்துக் கூண்டுச் சக்கரத்துக்குள்ளேயே கூடு கட்டும். விசிறியைப் போட்டதும் டகடகவென்று சத்தம், கூடவே ஒரு நாற்றம் வந்தால் பெரும்பாலும் அதுதான். சத்தம் மட்டும் என்றால் காய்ந்த இலையாக இருக்கலாம். சுத்தம் செய்யும்போது கையுறையும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள், எலிக் காய்ச்சல் விளையாட்டு இல்லை. காடியை நிறுத்தும்போது காற்றை உள்சுழற்சியில் வைத்துவிட்டு அணையுங்கள், வெளிக்காற்று மடல் மூடிக்கொள்ளும். செம்மண் ரோட்டில் போகும்போதும், முன்னால் செம்பனைப் பழக்குலை ஏற்றிய லோரி போகும்போதும் அதே உள்சுழற்சிதான்.

ரம்புத்தான் மரத்தடியில் காடி நிற்கிறதென்றால் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கறுப்பு மூடியின் அடியில் சேரும் இலைகளையும் அவ்வப்போது அள்ளிவிடுங்கள். அங்கே தண்ணீர் வடியும் துளை அடைத்தால் பெருமழையில் தண்ணீர் புளோவருக்குள் இறங்கும். மோட்டாரின் புஷ் துருப்பிடிப்பது பல காடிகளில் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. கழற்றும் மோட்டாரில் துரு தெரிந்தால் புதுசை மாட்டும் முன் இதைப் பாருங்கள். ஃபில்டர் இருக்கும் காடி என்றால் சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரில் பாதியிலேயே வெளியே எடுத்துப் பாருங்கள், அந்தக் கணக்கு தார் ரோட்டுக்குப் போட்டது. சில பழைய காடிகளில் ஃபில்டருக்கு இடம் மட்டும் இருக்கும், ஃபில்டர் இருக்காது. இடம் இருந்தால் ஒன்று வாங்கிப் போடுங்கள், சில பத்து வெள்ளிதான்.

ஹீட்டர் பக்கம் கோளாறாக இருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். நம் நாட்டுச் சந்தைக்கு வரும் பல சின்னக் காடிகளில் ஹீட்டரே கிடையாது, சிவப்பு வட்டம் போட்ட திருகு இருந்தாலும் அது குளிரைக் குறைக்க மட்டும்தான். அதை மறந்துவிடுங்கள். ஆனால் விசிறியை 4-இலேயே வைத்துச் சமாளிக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ராத்திரி மழையில் கண்ணாடியின் உட்புறம் மூடும்போது அந்த ஈரத்தை எடுப்பது இதே புளோவரும் ஏசியும்தான், இறுகிக்கொண்டிருக்கும் மோட்டார் எந்த ராத்திரியில் நிற்கும் என்று சொல்ல முடியாது. பனி வெளிப்புறத்தில் படிந்தால் மட்டும் வைப்பரைப் போட்டுக் குளிரைக் குறையுங்கள்.

பட்டறைக்குப் போனால் இப்படிச் சொல்லுங்கள்: “அண்ணே, டேஷ்போர்டு வேண்டாம். புளோவர் மோட்டாரைக் கழற்றி என் கண் முன்னாலே சுற்றிக் காட்டுங்க, ரெசிஸ்டர் சாக்கெட்டையும் பார்க்கணும்.” முகம் கோணினால் வேறு பட்டறை, அதுவும் ஏர்கோன் மட்டும் பார்க்கும் கடையைவிட வயரிங் வேலை செய்பவர் இதற்கு நல்லது. மாற்றி முடித்த பிறகு விசிறியை 2-இல் வைத்து இருபது நிமிடம் ஓடவிடுங்கள். அப்புறம் சாவியை எடுத்துவிட்டு, ரெசிஸ்டரைத் தொடாமல், அதில் சொருகியிருக்கும் சாக்கெட்டையும் வயரையும் மட்டும் விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரல் வைக்க முடியாத அளவு சுட்டால் காடியை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் அங்கேயே சாக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள்.